காது வலிக்கிறது என்கிறாள்

ஏழாம் வகுப்பில் நான் அறைந்தால் ஆறாம் வகுப்பில் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். இரண்டு வகுப்புக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு என்பதை அவர்களும் மறந்துவிடுவார்கள், நானும் மறந்துவிடுவேன். புதுச்சேரியில் நடுநிலைப் பள்ளிகளில் பதினேழு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். அது அம்மாவிடமிருந்து வந்தது. அவளுக்கு அவள் அப்பாவிடமிருந்து வந்தது. பரம்பரைச் சொத்து என்று எங்களுக்கு வேறெதுவும் வரவில்லை.

அடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சுற்றறிக்கை வரும், எல்லோரும் கையெழுத்துப் போடுவோம், அது கோப்புக்குப் போய்விடும். பெற்றோரோ பிள்ளையைச் சேர்க்க வரும் நாளிலேயே, "கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு மிச்சத்துக்குத் தோல உரிச்சிடுங்க டீச்சர்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போவார்கள். சுற்றறிக்கை அனுப்பியவர் ஒருநாளும் என் வகுப்புப் பக்கம் வந்ததில்லை. கண்ணை விடச் சொன்னவர்கள் தினமும் சாயங்காலம் வாசலில் நிற்பவர்கள். யார் பேச்சை நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. காதைப் பற்றி இரண்டு தரப்பும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அந்த வருடம் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. எழுதும்போது ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற கிறுக்கு. கட்டுரை எழுதச் சொன்னால் கையேட்டைப் பார்த்து எழுதுவார்கள். 'கடற்கரைக்குச் சென்றோம். அலைகள் அழகாக இருந்தன. மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம்.' பத்து நிமிடம் நடந்தால் கடல். பிள்ளைச்சாவடியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கோ வீட்டுக் கதவைத் திறந்தாலே கடல். அவர்கள் எழுதும் கடலில் ஒரு மீன் செதில்கூட இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோட்டுப் பக்கத்தை அவர்கள் கண்ணெதிரே கிழித்துப் போடுவேன். 'மகிழ்ச்சியாக' என்று எழுதினவர்களை எழுப்பி, கையை நீட்டச் சொல்லி, மரஸ்கேலால் ஒன்று வைப்பேன்.

"சொல்லு பட்டா வலிக்கணும். வலிக்கலன்னா அது சொல்லே இல்ல" என்று கத்துவேன். சொல்லின் பலத்தை ஸ்கேலை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆனால் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு முறை 'காயம்' என்று தலைப்புக் கொடுத்தேன். இரண்டு விதிகள். 'வலி' என்ற சொல்லை எழுதக் கூடாது. யார் என்ன செய்தார்கள் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். ஒரு பையன் எழுதியிருந்தான்: 'அப்பா குளிக்கப் போகும்போது பெல்ட்டைக் கழற்றினால் ஒரு சத்தம் வரும். என்னை அடிக்கக் கழற்றினால் வேறு சத்தம் வரும். அடுத்த அறையில் இருந்தாலும் எது என்று எனக்குத் தெரியும்.' இன்னொருத்தி எழுதினாள்: 'அம்மா கறி வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டாள். முதலில் சிவப்பாக இல்லை. வெள்ளையாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.' படித்துவிட்டு ஆசிரியர் அறையில் டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கட்டுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காரும் பெண்ணுடையது. அவள் அம்மாவுக்குச் சொந்த ஊர் பிள்ளைச்சாவடி. அங்கே மாமா வலை இழுக்கும்போது நைலான் கயிறு அவர் உள்ளங்கையை அறுத்ததை எழுதியிருந்தாள். 'கயிறு கைக்குள் இருந்தது என்று நினைத்தோம். கைதான் கயிற்றுக்குள் இருந்தது' என்று ஒரு வரி. எனக்கு அப்படி ஒரு வரி இந்தப் பதினேழு வருடத்தில் வந்ததில்லை. ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். வாயைத் திறந்து பேசவே காசு கேட்கிற பெண் அது. பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நின்றுவிட்டுத்தான் 'மிஸ்' என்பாள்.

இங்கே பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு, இதைப் படிக்கிற பலருக்கும் தெரிந்திருக்கும். ஆசிரியர் வெளியே போனால் லீடர் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும். பேசுகிறவர்கள் பெயரைப் பலகையின் ஓரத்தில் எழுத வேண்டும். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் 'மி.அ.' என்று போட வேண்டும். மிக அதிகம் என்று அர்த்தம். ஆசிரியர் திரும்பி வந்து, எதையும் விசாரிக்காமல், பலகையைப் பார்த்து அடிப்பார். பெயருக்கு ஒன்று, ஒவ்வொரு மி.அ.வுக்கும் ஒன்று. நான் படிக்கும்போதும் இதுதான். இதில் நான் சேர்த்தது ஒரே ஒரு விதி. வகுப்பில் சத்தம் கேட்டு, பலகை காலியாக இருந்தால், அடி லீடருக்கு.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றாவது பாடவேளை. மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று எச்.எம். கூப்பிட்டிருந்தார். கணினி சுற்றிக்கொண்டே இருந்தது. ஏற்றியது அழிந்துபோனது, மறுபடியும் ஏற்றினேன், மறுபடியும் அழிந்தது. அங்கிருந்தே என் வகுப்புச் சத்தம் கேட்டது. பெஞ்சு இழுபடும் சத்தம், யாரோ யாரையோ மொத்தும் சத்தம். "உங்க கிளாஸா?" என்று கேட்டார் எச்.எம். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

நான் வாசலில் நின்றதும் வகுப்பு செத்தது. கடைசி பெஞ்சில் இரண்டு பையன்களுக்குச் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது, ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் பெயர் பலகையில் இல்லை. ஒரே ஒரு பெயர் இருந்தது. மூன்றாவது பெஞ்சுப் பெண்ணின் பெயர். பக்கத்தில் மி.அ., மி.அ., மி.அ.

கண்ணுக்கு முன்னால் இருந்ததை விட்டுவிட்டுப் பலகையில் இருந்ததை நம்பினேன். இது எங்கள் தொழில் வியாதி. எழுதியிருந்தால் அது உண்மை.

அவளிடம் போனேன். எழுந்து நின்றாள். "நான் பேசல மிஸ்" என்றாள். பேசாத பெண் எதிர்த்துப் பேசுகிறாள் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது. ஸ்கேல் மேசைமேல் இருந்தது. அதை எடுக்கப் போகிற பொறுமைகூட இல்லை. வலது கையை விரித்து இடது கன்னத்தை நோக்கி வீசினேன். அவள் தலையைத் திருப்பினாள். என் உள்ளங்கை முழுசாக அவள் காதின் மேல் விழுந்தது. மூடியின் மேல் மூடி விழுகிற மாதிரி ஒரு சத்தம். அவள் சுவரில் மோதி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தாள். எழுதின கணக்குக்கு இன்னும் மூன்று பாக்கி இருந்தது. என் கை எரிந்ததால் நிறுத்திவிட்டேன். இரக்கப்பட்டு நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகச் சொன்னாள், "மிஸ், உள்ள யாரோ விசில் அடிக்கிறாங்க."

வகுப்பு சிரித்தது. நானும் லேசாகச் சிரித்தேன். பிறகு அவள் காது மடலுக்குக் கீழே, வெள்ளைக் காலரில், கடுகு அளவுக்கு ரத்தம் இருப்பதைப் பார்த்தேன்.

தண்ணீர் குடிக்கச் சொன்னேன். முகம் கழுவச் சொன்னேன். கடைசி மணிக்கு முன்னால் அவள் டைரியைக் கொண்டுவரச் சொன்னேன். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே போய்வருகிற சின்ன நோட்டு அது. அதில் நான் எழுதியது இது: 'மகளுக்குக் காது வலிக்கிறது என்கிறாள். கவனிக்கவும்.' கீழே கையெழுத்து, தேதி.

பொய் ஒன்றுமில்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வகுப்பில் ஒரு பிள்ளை 'காயம்' கட்டுரையில் அப்படி எழுதியிருந்தால், யார் செய்தது என்பதை எங்கேடி ஒளித்துவைத்தாய் என்று கேட்டு அடித்திருப்பேன்.

வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் சொல்லவும் மாட்டார்கள். பள்ளியில் அடி வாங்கினேன் என்றால் எதற்கு வாங்கினாய் என்று வீட்டில் இன்னொன்று விழும். அவள் அம்மா வெள்ளைக்காரர் தெருவில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறவள். சாயங்காலம் வந்து டைரியை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். காது வலி என்று டீச்சரே எழுதியிருக்கிறார். காது வலித்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தாள். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில், பெண்ணை மடியில் படுக்கவைத்து, காது நிறைய ஊற்றினாள். சனிக்கிழமையும் ஊற்றினாள். பெண் கத்தியபோது கையையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். திங்கட்கிழமை தலையணையில் சீழ்.

இதெல்லாம் எனக்கு வியாழக்கிழமை காலையில்தான் தெரியும். திங்கள் முதல் மூன்று நாளும் மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் காலியாக இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பாடம் நடத்தினேன். மற்ற பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

வியாழக்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன் அந்த அம்மா வந்தாள். முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். கையில் டைரி. முந்தானை விலகியபோது இடது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள்.

"டாக்டரு பாத்துட்டு, சவ்வு கிழிஞ்சிருக்கு, யாரோ அறைஞ்சிருக்காங்க, அறைஞ்சாத்தான் இப்படிக் கிழியும்னுட்டாரு டீச்சர். கிழிஞ்ச காதுல எவ எண்ணெய ஊத்தினதுன்னு அத்தினி பேரு முன்னாடி கேட்டாரு. இவளக் கேட்டா யாரும் அடிக்கலங்கறா. எங்க வூட்டுக்காரரு வெள்ளிக்கிழம சேதராப்பட்டுல கம்பெனிக்குப் போயிட்டாரு, டபுள் சிப்ட்டு. வூட்ல நான் மட்டும்தான். நான்தான் அடிச்சிட்டு மறைக்கிறேன்னு…" கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "நான் முன்னாடி ரெண்டு போட்டிருக்கேன் டீச்சர், இல்லன்னு சொல்லல. ஆனா இத நான் பண்ணல."

மேசைமேல் திறந்திருந்த வருகைப் பதிவேட்டை மூடினேன்.

"நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் அடிக்கலன்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. டீச்சர் எழுதினா நம்புவாரு."

அவள் டைரியைத் திறந்து, மடிப்பைக் கையால் நீவி, என் முன்னால் வைத்தாள். என் பழைய வரிக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அவளுக்கு என்மேல் துளி சந்தேகமில்லை. நான் அடித்திருப்பேன் என்று தோன்றியிருந்தாலும் அதை அவள் குற்றமாக நினைத்திருக்க மாட்டாள் என்பதுதான் அதைவிடக் கொடுமை. பேனாவை எடுத்தேன். எழுதினேன்: 'எனக்குத் தெரிந்தவரையில் குழந்தையின் தாயார் குழந்தையை அடித்திருக்க வாய்ப்பில்லை.'

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமி பிரசாதத்தை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாவது பாடவேளை. நான் உள்ளே போனதும் லீடர் எழுந்து வந்தாள். கடைக்காரர் மகள், எங்கள் பள்ளியிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. அதனால்தான் அவளை லீடராகப் போட்டேன். மேசைமேல் இருந்த ஸ்கேலை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, வலது கையை விரித்தாள்.

"அவ பேசல மிஸ். நான்தான் பொய்யா எழுதினேன்."

"ஏன்?"

"சண்ட போட்டது அவனுங்க. அவனுங்க பேர எழுதினா ரோட்ல வெச்சு அடிப்பானுங்க. எழுதலன்னா நீங்க என்னை அடிப்பீங்க. அவ பேர எழுதினா அவ ஒண்ணும் பண்ண மாட்டா."

இதைவிடத் தெளிவாக என்னைப் பற்றி யாரும் எழுத முடியாது. அப்போது எனக்கு வந்தது வெட்கமில்லை. கோபம்தான். கோபத்துக்குள் ஒரு நிம்மதி வேறு. பழியைப் போட ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அடித்தேன். நீட்டிய கையில், ஸ்கேலின் விளிம்பால், ஒன்று. இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். விட்டால் இந்தப் பக்கங்களும் அந்த டைரிக் குறிப்பு மாதிரிதான் இருக்கும்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணில் நீர் முட்ட, "இன்னும் மூணு மிஸ்" என்றாள். "மூணு மி.அ. போட்டேன்."

நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் இருந்தார்கள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பும் அமைதியாக இருந்தது. ஸ்கேலைக் கீழே போட்டேன். போட்டேன் என்று சொல்வது அதிகம். அது கையில் நிற்கவில்லை. வெளியே வந்து குழாயடியில் நின்று வாந்தியெடுத்தேன்.

எச்.எம்.மிடம் அரைநாள் விடுப்புக் கேட்டேன். என்ன நடந்தது என்றும் சொன்னேன். அவர் பிரெஞ்சு கான்வென்ட்டில் படித்தவர். குரலை உயர்த்தியே பேச மாட்டார், கையெழுத்தும் அப்படித்தான், ஒரே சாய்வாக, திருத்தமாக இருக்கும். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க, பழம் வாங்கிட்டுப் போங்க, அழணும்னா அழுங்க. எழுத்துல மட்டும் எதையும் குடுத்துடாதீங்க. வாயால சொன்னது காத்தோட போயிடும். எழுதினா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

எல்லோரையும்விட அவருக்குத்தான் சொல்லின் பலம் சரியாகத் தெரிந்திருந்தது.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. பிறகு விசாரணை வந்தது, தண்டனை வந்தது, என்னை ஊருக்கு வெளியே வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். அதையெல்லாம் பற்றி எனக்குப் புகார் இல்லை. அவள் காதில் சவ்வு மூடிக்கொண்டது. ஆனால் சீழ் பிடித்ததில் உள்ளே ஏதோ கெட்டுப்போய், அந்தப் பக்கம் பாதிதான் கேட்கிறது. எண்ணெய் ஊற்றாமல் இருந்திருந்தால் தானாகவே முழுசாக ஆறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அறைந்தது ஒரு நொடி. அந்த அறையைவிட அதிகமாகக் கெடுத்தது நான் நிதானமாக, யோசித்து, அழகான கையெழுத்தில் எழுதிய ஒரு வரி.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கவில்லை. வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். காதில் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் போய், "எப்படிம்மா இருக்கே?" என்றேன். திரும்பவில்லை. கட்டுப் போட்ட பக்கமாக நின்றிருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது. அம்மா தோளைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும், "மிஸ்" என்று கட்டிலில் கையை ஊன்றி, ஊசிக் குழாயோடு, எழுந்து நிற்கப் பார்த்தாள். டீச்சர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம் அல்லவா.

அம்மாவின் உதடு கிழிந்திருந்தது. காலையில் அது கிழிந்திருக்கவில்லை.

அப்பா எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மரியாதையான ஆள். கம்பெனிச் சட்டையோடு இருந்தார், சட்டையில் எண்ணெய்க் கறை. தலையணைக்கு அடியிலிருந்து டைரியை எடுத்து, காலையில் நான் எழுதிய வரியின் மேல் விரல் வைத்துக் காட்டினார்.

"தெரிஞ்ச வரைக்கும்னு போட்டிருக்கீங்க டீச்சர். அப்போ தெரியாம நடந்திருக்கலாம்னுதான அர்த்தம். வாய்ப்பில்லன்னா, இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம். நீங்க படிச்சவங்க, நேரா சொன்னா சண்ட வரும்னு நாசூக்கா எழுதியிருக்கீங்க. எனக்குப் புரிஞ்சிடுச்சி." மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "அதான் வெராந்தாவுல வெச்சு இன்னொரு வாட்டி கேட்டேன்."

எப்படிக் கேட்டார் என்பது அவள் உதட்டில் இருந்தது. அந்த அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் கொடுத்த வரியைக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனவள், அந்த வரிக்காகவே அடி வாங்கியிருக்கிறாள்.

டைரியைக் கேட்டு வாங்கினேன். ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, எழுதத் தொடங்கினேன். பேனா 'எதிர்பாராத விதமாக' என்று தானாக எழுதியது. அடித்தேன். 'கைபட்டு' என்று எழுதியது. அதையும் அடித்தேன். என் கையெழுத்து கோணல்மாணலாக, நாலாவது படிக்கிற பிள்ளை எழுதியது போலப் போனது. கடைசியில் எழுதியது இதுதான்:

'போன வெள்ளிக்கிழமை மூன்றாவது பாடவேளையில் நான் இவளை என் வலது கையால் இடது காதில் அறைந்தேன். இவள் ஒரு தப்பும் செய்யவில்லை. காதில் ரத்தம் வந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அதை எழுதாமல், காது வலிக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இன்று காலையிலும் மறைத்து எழுதினேன். இவளுடைய அம்மா இவளைத் தொடவே இல்லை.'

கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். நின்றபடியே, உதடு அசையாமல், படித்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டேன். அவர் முகம் இறுகவில்லை, இளகியது.

"அட, நீங்க அடிச்சதா டீச்சர்?" என்றார். "இதுக்குப் போயி… படிக்கிற புள்ளைங்கன்னா அடி வாங்கத்தான் செய்யும்." பிறகு பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடி பண்ண? டீச்சர் சும்மா அடிப்பாங்களா? வாயத் தொற." கை மேலே போனது.

அவர் சொன்னது காதில் விழுந்து அவள் பயப்படவில்லை. கையைப் பார்த்துத்தான் பயந்தாள். கட்டின் மேல் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் எழுந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

"அதுல எழுதியிருக்கு. அவ ஒண்ணும் பண்ணல. நான் சும்மாதான் அடிச்சேன்."

"யாராவது சும்மா அடிப்பாங்களா டீச்சர்?"

"நான் அடிச்சேன். நீங்களும் வெராந்தாவுல அடிச்சீங்க."

அவர் கையை உருவிக்கொண்டார். அப்போதுதான் அந்த அம்மா, அதுவரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பேசினாள்.

"சத்தமா படி."

"அதான் படிச்சேனே."

"மனசுக்குள்ள படிச்ச. எனக்குக் கேக்கணும். சத்தமா படி."

அவர் சுற்றிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்களில் பெண்கள், பிள்ளைகள், சாப்பாட்டுக் கூடையோடு வந்தவர்கள். குரலைத் தாழ்த்தி, வேகவேகமாக, கம்பெனி நோட்டீசைப் படிப்பது போலப் படித்து முடித்தார்.

"இந்தப் பக்கமா வந்து படிப்பா," என்றாள் பெண். "அங்க நின்னா எனக்குக் கேக்கல."

அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். இரண்டாவது முறை படித்தார். இந்த முறை வேகமாகப் படிக்க முடியவில்லை. நான் எழுதிய சொற்களை ஒரு ஆண் குரலில், வார்டு முழுக்கக் கேட்க, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். அறைந்தேன் என்ற இடத்தில் ஒரு பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, காறித் துப்ப இடம் தேடினாள். பெண் கண்ணை மூடிக்கொண்டு, கேட்கிற காதை அப்பாவுக்குக் காட்டியபடி, தப்பும் செய்யவில்லை என்ற வரிக்குத் தலையாட்டினாள்.

"இன்னொரு தபா," என்றாள் அம்மா.

"போதும்டி. எல்லாரும் பாக்குறாங்க."

"வெராந்தாவுலயும் எல்லாரும்தான் பாத்தாங்க. படி."

மூன்றாவது முறை படிக்கும்போது கடைசி வரிக்கு முன்னால் அவர் குரல் நின்றுவிட்டது. டைரியிலிருந்து கண்ணை எடுத்து அவள் உதட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை.

"அப்புறமா அழு. ஒரு வரி பாக்கி இருக்கு. அத முழுசா படி."

இவளுடைய அம்மா இவளைத் தொடவே இல்லை என்று அவர் படித்தார்.